செயலியில் என் முகம் பொருந்திய இரவும், ஒரு கடிதம் வாங்க ஓடிய எட்டு மாதங்களும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். போலீஸ் விஷயம், எதற்கு வம்பு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த இரவில் எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, வெளியே வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன். மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் ஊர்ப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் சொல்லவில்லை.

நான் கைத்தறிப் புடவை மாதிரிகளைக் கடை கடையாகக் காட்டி ஆர்டர் எடுப்பவன். மாதத்தில் பத்து நாளாவது வெளியூர். 2024 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகி இரவு 11.40க்கு இறங்கினேன். லாட்ஜ் நடக்கிற தூரம்தான். குளிருக்கு மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, புடவைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ரோந்து வண்டி பக்கத்தில் வந்து நின்றது. "தம்பி, நில்லுங்க. எங்கிருந்து வர்றீங்க? மப்ளரை எடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன், ரெண்டு நிமிஷம்தான்" என்றார் ஒரு காவலர். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், தூக்கக் கண்ணோடு நின்றேன்.

அவருடைய கைபேசியின் கண்ணாடி ஒரு மூலையில் கீறியிருந்தது. அதில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் காவல்துறைச் செயலி திறந்திருந்தது. திரையில் இடது பக்கம் என் முகம், வலது பக்கம் வேறு ஒருவனின் முகம். நடுவில் 83 என்று ஒரு எண். கீழே அவன் பெயர், தகப்பன் பெயர், மூன்று திருட்டு வழக்குகள், பிடிவாரண்டு நிலுவை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கே திக்கென்றது. அதே மாதிரி அகன்ற நெற்றி, அதே மாதிரி தாடி. ஆனால் உற்றுப் பார்த்தால் அவன் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. காது மடல் கீழே தனியாகத் தொங்கியது. என்னுடையது கன்னத்தோடு ஒட்டியிருக்கும். "சார், இது நான் இல்லை, காதைப் பாருங்க" என்றேன். அவர் காதைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். அதுவரை "நீங்க" என்றவர், "வண்டியில ஏறு" என்றார்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கைபேசி நம் முகத்தைப் பார்த்துத் திறப்பது ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுவது: இது இவர்தானா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. காவலர் கையில் இருப்பது ஒரு முகத்தை லட்சக்கணக்கான முகங்களோடு ஒப்பிட்டு, இருப்பதில் யார் அதிகமாக ஒத்துப்போகிறார் என்று தேடுவது. அந்தக் குவியல் பெரிதாகப் பெரிதாக, நம்மைப் போலவே இருக்கும் யாரோ ஒருவர் அதில் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. எத்தனை புள்ளிக்கு மேல் போனால் பொருத்தம் என்று கொள்வது என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை, பயன்படுத்துகிறவர்கள்தான் வைக்கிறார்கள். 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்திருக்கிறது. அதற்குக் கீழே வந்தாலும் விசாரணை தொடரலாம் என்றும் அதே பதிலில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்களில் தவறான பொருத்தம் வரும் விகிதம் இனத்துக்கு இனம் 10 முதல் 100 மடங்கு வரை மாறுபட்டது. இரவு வெளிச்சம், சாய்ந்த முகம், ஐந்து வருடத்துக்கு முந்தைய பழைய படம் எல்லாம் இதற்கு மேல் சேரும்.

நிலையத்தில் கைபேசியை வாங்கி அணைத்து வைத்தார்கள். பையைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டார்கள். மாதிரிப் புடவை மடிப்புக் கலைந்தால் கடைக்காரரிடம் காட்ட முடியாது. ஒரு வெளிர்பச்சைப் புடவையின் முந்தியில் யாரோ ஷூவோடு மிதித்துவிட்டுப் போன தடம் அப்படியே இருந்தது. அதை மடிக்கலாமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆதார் அட்டையைக் காட்டினேன். "போலி ஆதார் எத்தனை பார்த்திருக்கோம்" என்றார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை, அந்தத் திருடனின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என்னையும் அறியாமல் "சார்" என்று எழுந்து நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு வயதான ஏட்டு ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். கணினியில் அந்த ஆளின் முழுப் பதிவையும் திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். உயரம் 163 செ.மீ. என்று இருந்தது. நான் 176. வலது முன்கையில் பச்சை குத்தியிருப்பதாக அங்க அடையாளம் எழுதியிருந்தது. என் சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். "நீ இல்லப்பா. ஆனா ஐயா வந்துதான் விடணும், பொறு" என்றார். ஐயா வந்தது காலை பத்தரைக்கு. அதற்கப்புறமும் மூன்று பக்கமும் படம் எடுத்து, பத்து விரலிலும் ரேகை எடுத்து, அது ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகு மாலை மூன்றரைக்கு விட்டார்கள். கிட்டத்தட்ட 16 மணி நேரம். "மிஷின் காட்டுது, நாங்க என்ன பண்றது. மனசுல வச்சுக்காதீங்க தம்பி" என்றார் ஆய்வாளர். "நீங்க" திரும்பி வந்துவிட்டது. கைபேசியைத் திறந்தால் மனைவியிடமிருந்து 31 அழைப்புகள். லாட்ஜுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறாள், வரவில்லை என்றதும் ரயிலில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டாள்.

இதில் நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். முதலாவது, ரைட்டர் நீட்டிய இரண்டு வெள்ளைத் தாள்களில் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. பயத்தில் போட வேண்டி வந்தால்கூட, பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள், மேலே உள்ள காலி இடத்தைக் குறுக்காகக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இரண்டாவது, "என்னைக் கைது செய்கிறீர்களா, விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். வக்கீல் அப்புறம் விளக்கினார். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 47, 48, 58 ஆகிய பிரிவுகள். கைது இல்லை, வந்து விளக்கம் சொன்னால் போதும் என்றால் 35(3) பிரிவில் நோட்டீஸ் தர வேண்டும். சாட்சியாகக் கூப்பிட்டாலும் 179ஆம் பிரிவின்படி எழுத்து மூலம்தான். எனக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடச் சொல்லவில்லை. இரவில், தனியாக, சட்டம் பேசினால் அடி விழும் என்ற பயம் எனக்கும் இருந்தது. தணிவான குரலில், "சார், வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன், எந்த ஸ்டேஷன்னு மட்டும் சொல்லிடறேன்" என்று கேட்பது பெரும்பாலும் வம்பாகாது. இப்போது வெளியூர் போனால் ரயிலிலிருந்து இறங்கியதும் மனைவிக்கு இருப்பிடம் அனுப்பிவிட்டுத்தான் நடக்கிறேன்.

மூன்றாவது தவறுதான் பெரியது. விட்டதும் ஓடி வந்துவிட்டேன். என்னைப் பிடித்ததற்கும் காகிதம் இல்லை, விட்டதற்கும் காகிதம் இல்லை. இதன் விலை என்ன என்று 2025 ஜனவரியில் தெரிந்தது.

பொங்கல் முடிந்து மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது, வேறொரு ஊரின் பேருந்து நிலையம். ஐந்து வயது மகள் என் கையைப் பிடித்திருந்தாள். மனைவி கழிப்பறைக்குப் போயிருந்தாள். மறுபடியும் ஒரு காவலர், மறுபடியும் ஒரு போட்டோ, அதே ஆளின் அதே படம். ஏற்கெனவே ஒருமுறை விசாரித்து விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்படின்னா லெட்டர் காட்டு" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. புறக்காவல் அறையில் மூன்று மணி நேரம். "அப்பா என்ன தப்பு பண்ணாங்க?" என்று மகள் அந்தக் காவலரிடமே கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் பிஸ்கட் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதல் தடவை அழவில்லை.

அப்போதுதான் புரிந்தது. விரல்ரேகை ஒத்துப்போகவில்லை, உயரம் வேறு, பச்சை இல்லை என்றெல்லாம் ஒரு நிலையத்தில் தெரிந்த விஷயம் அந்த நிலையத்தின் சுவருக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. தவறான பொருத்தம் என்று செயலிக்குள் யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஊரிலும் நான் புதுச் சந்தேக நபர்.

வக்கீலைப் பார்த்தேன். அவர் சொல்லிச் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில், நடந்ததையெல்லாம் நேரம் போட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னார்: எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், வண்டி எண், சட்டையில் பெயர் பார்த்திருந்தால் பெயர், டீ வாங்கிக் கொடுத்தது யார் என்பது வரை. இதை வெளியே வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். இரண்டரை மாதம் கழித்து உட்கார்ந்தபோது வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மறந்துவிட்டது. ரயில் டிக்கெட்டும் லாட்ஜ் முன்பதிவுச் செய்தியும் இருந்ததால் தேதியாவது நின்றது.

அடுத்து, நான் அந்த ஆள் இல்லை என்பதற்கு ஆதாரம். பதிவில் இருந்த படம் 2019 ஜூனில் அவனைக் கைது செய்த நாளில் எடுத்தது. அதே நாளில் என் மனைவிக்குச் சிசேரியன் நடந்தது. மருத்துவமனைக்குப் போய் பழைய கோப்பைத் தேடச் சொல்லி, ஒப்புதல் படிவத்தின் நகல் வாங்கினேன். கீழே என் கையெழுத்து, தேதி, நேரம் 10.20. இப்படி ஒன்று எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் உங்களோடு பொருந்தியதாகச் சொல்லப்படுகிறவரின் வழக்கு எண்ணும் கைதுத் தேதியும் தெரிந்தால், அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைத் தேட முடியும். அதனால் அந்தத் திரையைக் காட்டும்போது பதற்றத்திலும் வழக்கு எண்ணை மனதில் வாங்கப் பாருங்கள். எனக்கு அதைச் சொன்னது அந்த ஏட்டுதான். அவர் நல்லா இருக்க வேண்டும்.

அப்புறம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மனு. மூன்று விஷயங்கள் கேட்டோம்: நான் அந்த நபர் அல்ல என்று எழுத்து மூலம் தர வேண்டும், தவறான பொருத்தம் என்று பதிவில் குறிக்க வேண்டும், என்னிடம் எடுத்த படங்களையும் ரேகைகளையும் அழிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், தண்டனை பெற்றவர்கள், கைதானவர்கள், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் ஆகியோரிடம்தான் படமும் ரேகையும் எடுக்கச் சொல்கிறது. மற்றவர்களிடம் எடுக்க நடுவரின் உத்தரவு வேண்டும். எடுத்தவை 75 ஆண்டுகள் வைக்கப்படும். என்னைக் கைது செய்ததாக எந்தப் பதிவும் இல்லை என்றால், மூன்று பக்கம் எடுத்த அந்தப் படங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டன? மனுவில் இதையே கேள்வியாக வைத்தோம்.

தகவல் உரிமை மனுவையும் கூடவே போட்டோம். கட்டணம் 10 ரூபாய்தான். நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்கும் பொது நாட்குறிப்பில் அந்த இரவுக்கு என் பெயர் இருக்கிறதா, பொருத்தம் என்று கொள்ள எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார்கள், பொருத்தம் வந்தபின் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு ஏதும் உண்டா என்று கேட்டோம். விசாரணைக்குக் குந்தகம் என்று 8(1)(எச்) பிரிவைச் சொல்லி மறுத்தார்கள். இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குக் காசு இல்லை. மேல்முறையீட்டில் ஒரு வரி பதில் வந்தது: அந்தத் தேதியில் என் பெயரில் நாட்குறிப்புப் பதிவு எதுவும் இல்லை. எனக்குச் சாதகமாக எதுவும் எழுதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வக்கீல் சிரித்தார். 16 மணி நேரம் ஒருவரை வைத்திருந்து ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும் என்றார்.

கேமரா பதிவு விஷயத்தில் நான் தாமதித்துவிட்டேன். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. நான் கேட்டது மூன்று மாதம் கழித்து. பதிவு இல்லை என்று பதில் வந்தது. முதல் வாரத்திலேயே அந்தத் தேதியின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள், பிறகு என்ன பதில் வந்தாலும் உங்கள் கையில் ஒப்புகை அட்டை இருக்கும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் கொடுத்திருக்கிறேன். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை.

பணக் கணக்கு: வக்கீலுக்கு 12,000 ரூபாய். அந்த வாரம் போக வேண்டிய கடைகளுக்குப் போகாததில் போன கமிஷன் 26,000. கெட்டுப்போன மூன்று புடவைகள் 8,550, அது என் கணக்கில்தான் பிடித்தார்கள். போக்குவரத்து 6,400. நகல், தபால், முத்திரை 1,150. மொத்தம் 54,100. வேலைக்குப் போகாத நாட்கள் 11. கையில் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இது எனக்கு 12,000 கொடுத்த பிறகுதான் தெரியும்.

இந்த மாதங்களில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க ஆற்றாமைதான் கூடியது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும் என்றது. முக அடையாளத் தொழில்நுட்பத்தைக் காவல்துறை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்ல நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, விசாரிப்பது என்று வரும்போது 17ஆம் பிரிவில் பெரிய விலக்கு கொடுத்துவிடுகிறது. ஊரடங்குக் காலத்தில் நடுத்தெருவில் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்ததை எதிர்த்து ஐதராபாத் சமூகச் செயல்பாட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், தெலங்கானா உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்தபோது, தெருவிளக்கின் கீழ் நானும் மப்ளரைக் கழற்றிக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. எடுத்த படம் பத்திரமாக இருக்குமா என்பது வேறு கவலை. 2024 மே மாதம் தமிழ்நாட்டுக் காவல்துறையின் முக அடையாளத் தளத்திலேயே ஊடுருவல் நடந்த செய்தி வந்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில், கடைக் கேமராவின் மங்கலான படத்தோடு பொருந்தியதாகச் சொல்லி, மனைவி, குழந்தைகள் கண் முன்னால் கைது செய்து சுமார் 30 மணி நேரம் வைத்திருந்தார்கள். குழந்தைகள் பார்த்தார்கள் என்ற வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மேலே படிக்க முடியவில்லை. அவர் வழக்குப் போட்டார். 2024இல் சமரசமானபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்ற விதியை அந்த நகரக் காவல்துறை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல், பொது இடங்களில் காவல்துறை நேரலையாக முகங்களைத் தேடுவதற்கு, சட்டத்தில் சொன்ன சில காரணங்கள் தவிரத் தடை. அந்தக் காரணங்களுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும்.

இந்தச் செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன குழந்தைகள் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது. ஆனால் பொருத்தம் வந்ததும் உயரத்தையும் அங்க அடையாளத்தையும் பார்த்தாக வேண்டும் என்ற ஒரு விதி எழுத்தில் இருந்திருந்தால், நான் தெருவிலேயே ஐந்து நிமிடத்தில் போயிருப்பேன். தவறான பொருத்தத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருந்திருந்தால் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

2025 ஜூலையில் அந்தக் கடிதம் வந்தது. நாலு வரி. விசாரணையில் தாங்கள் மேற்படி நபர் அல்ல எனத் தெரியவருகிறது, என்று. நகல் ஒன்றை நோட்டரியிடம் சான்று வாங்கி, ஆதார் நகல், மருத்துவமனைப் படிவம், தகவல் உரிமைப் பதில் ஆகியவற்றோடு ஒரு நீல நிறக் கோப்பில் வைத்திருக்கிறேன். புடவைப் பையில் மேலாக அதுதான் இருக்கும். கைபேசியிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் முதலில் பிடுங்குவது கைபேசியைத்தான் என்பதால் காகிதத்தைத்தான் நம்புகிறேன்.

செப்டம்பரில் ஒரு இரவு மறுபடியும் நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். அதே ஆள் வந்தான், இந்த முறை 81. கை நடுங்கத்தான் செய்தது. கோப்பை நீட்டினேன். இளம் காவலர் ஒருவர் டார்ச் அடித்து நாலு வரியையும் நிதானமாகப் படித்தார், என் முன்கையைப் பார்த்தார், "சரிங்க, போங்க" என்றார். நாலு நிமிடம். செயலியில் அந்தப் பொருத்தத்தைக் குறிக்கச் சொன்ன மனுவுக்கும் படங்களை அழிக்கச் சொன்ன மனுவுக்கும் இன்னும் பதில் இல்லை. மூன்றாவது நினைவூட்டலைத் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.